தங்கச்சி லேப்டாப்பில் ஓடுமா?

“தம்பி, நீ போட்டுக் குடுத்த பக்கம் கருப்பா வருதே. கருவாட்டுப் பேரெல்லாம் எங்க போச்சு?”

கடலூர் முதுநகரில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் அக்கா போனில் இப்படிக் கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கு நான் செய்து கொடுத்த இணையப் பக்கத்தை என் போனில் திறந்து பார்த்தேன். வெள்ளைப் பின்னணியில் நெத்திலி, வாளை, சுறா, சென்னாக்குன்னி எல்லாம் விலையோடு வரிசையாக இருந்தன. மறுநாள் நேரில் போய் அக்காவின் போனை வாங்கிப் பார்த்தேன். நிஜமாகவே இருட்டு. உற்றுப் பார்த்தால் கருப்புக்குள் கருப்பாக ஏதோ எழுத்து இருப்பது மட்டும் தெரிந்தது.

காரணம் என் கோடு இல்லை. நான் எழுதாத கோடு. புராஜெக்ட் தொடங்கும்போது டெம்ப்ளேட் என்ற ஆயத்த மாதிரி தானாக வைத்துக் கொடுத்த சிஎஸ்எஸ் கோப்பு, பக்கத்தின் நிறத்தையும் அளவையும் சொல்லும் கோப்பு அது. போன் டார்க் மோடில் இருந்தால் பின்னணியைக் கருஞ்சாம்பலாக்கு, எழுத்தை வெள்ளையாக்கு என்று அதிலேயே எழுதியிருந்தது. விலைப்பட்டியல் எழுத்துக்கு நான் கருப்பு நிறத்தைக் கையால் கொடுத்திருந்தேன். என் போன் லைட் மோட், அக்கா போன் டார்க் மோட். அவ்வளவுதான் விஷயம்.

இது நடந்தது 2024 நவம்பரில். அதற்கு முன் வேறு ஆட்கள் தொடங்கி வைத்த புராஜெக்ட்டுகளில்தான் வேலை செய்திருக்கிறேன். காலிக் கோப்புறையிலிருந்து நானே தொடங்கியது இதுதான் முதல் தடவை. கேட்டதும் பெரிய விஷயமில்லை. இன்றைய கருவாட்டு விலையைக் காட்ட வேண்டும், தொட்டால் வாட்ஸ்ஆப்பில் ஆர்டர் போக வேண்டும். விலையை அக்கா ஒரு கூகுள் ஷீட்டில் மாற்றிக்கொள்வார்.

முதலில் ஒரு பழைய பாட வீடியோவைப் பார்த்து, அதில் சொன்னபடி கிரியேட் ரியாக்ட் ஆப்பில் தொடங்கினேன். ரியாக்ட் என்ற நூலகத்தில் புராஜெக்ட் தொடங்கித் தரும் கருவி அது. போன் ஹாட்ஸ்பாட்டில்தான் இணையம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் (பிறர் எழுதி வைத்த கோடுத் தொகுப்புகள்) இறங்கி முடிப்பதற்குள் அன்றைய டேட்டாவில் பெரும்பங்கு காலி. முடிந்ததும் மஞ்சள் எச்சரிக்கைகள் திரை முழுக்க ஓடின. பாண்டியில் இருக்கும் என் கூட்டாளிக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். “யார்றா இன்னும் இதுல ஆரம்பிக்கிறா? வைட்ல போடு” என்று பதில் வந்தது.

அவன் சொன்னது சரி. 2016-இல் பேஸ்புக் குழு வெளியிட்ட அந்தக் கருவிக்கு அப்போதே பராமரிப்பு ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. நான் கைவிட்ட அடுத்த மாதமே ரியாக்ட் 19 வந்து, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பேக்கேஜ் மோதல் பிழைகளாக வர ஆரம்பித்தன. 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே அதை ஓய்வு என்று அறிவித்துவிட்டது. பாட வீடியோக்கள் மட்டும் ஓய்வு பெறவில்லை, இன்றும் தேடலில் முதலில் வருகின்றன. வீடியோ எந்த வருஷத்தது என்று பார்க்காமல் ஒரு கட்டளையையும் டெர்மினலில் ஒட்டுவதில்லை என்று அப்போது முடிவு செய்தேன். (அதையும் ஒருமுறை மீறினேன், பிறகு சொல்கிறேன்.)

‘வைட்’ என்றானே, அதுவும் புராஜெக்ட் தொடங்கித் தரும் கருவிதான், அந்த உச்சரிப்பைத் திருத்தியது ஒரு சொல்தா தாத்தா. கூட்டாளி குடியிருப்பது குருசுக்குப்பத்தில், மாடியில். கீழே வீட்டுக்காரர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். நாங்கள் வைட், வைட் என்று பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு எழுத்துக் கூட்டச் சொன்னார். சொன்னோம். “அது வைட் இல்லப்பா, வீத். சீக்கிரம்னு அர்த்தம். எங்க சர்ழான், அதான் சார்ஜென்ட், நாள் முழுக்க அதைச் சொல்லித்தான் கத்துவாரு” என்றார். பிறகு தேடிப் பார்த்தால் கருவியை உருவாக்கிய இவான் யூ வைத்த பெயருக்கு அந்தப் பிரெஞ்சுச் சொல்தான் மூலம். ‘வீட்’ என்று சொல்லச் சொல்லி அதன் ஆவணத்திலேயே போட்டிருக்கிறார்கள். தமிழில் இதில் ஒரு சங்கடம் உண்டு. “வீட்டில் ஒரு பிழை” என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, “வீட்ல என்னடா பிழை?” என்று கேட்டார்.

வீட் ஒரு நிமிஷத்தில் புராஜெக்ட்டைத் தந்துவிட்டது. அந்த வேகமே என்னை ஏமாற்றியது. வேலை தொடங்கிவிட்டது என்று நினைத்து மேலே மேலே அடுக்கினேன். நிலை மேலாண்மைக்கு ஒரு நூலகம், பக்கம் விட்டுப் பக்கம் போக ரவுட்டர், ஐகான் தொகுப்பு, தேதி காட்ட ஒரு காலண்டர், டெஸ்ட் எழுத ஒன்று, கமிட் செய்யும் முன் கோடைச் சோதிக்க ஒன்று. மூன்று நாள் போனது. திரையில் ஒரு நெத்திலி கூட வரவில்லை. இருந்ததோ ஒரே பக்கம். ஒரு பக்கத்துக்கு எதற்கு ரவுட்டர்?

கூட்டாளி வந்து பார்த்துவிட்டு அதிகம் பேசவில்லை. “இதுல இன்னைக்குத் தேவையானது எது?” என்று மட்டும் கேட்டான். கோடில் பிழை பிடிக்கும் ஈஎஸ்லிண்ட், கோடை ஒரே மாதிரி வரிசைப்படுத்தும் ப்ரிட்டியர், தேதிக் காலண்டர் இவை தங்கின, மற்றவற்றைக் கழற்றினேன். காலண்டரையும் கழற்றியிருக்க வேண்டும். அது செய்த வேலை அப்புறம் வருகிறது.

டெம்ப்ளேட்டைத் துடைப்பது என்ற வேலையை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அக்காவின் இருட்டுப் பக்கம்தான் சொல்லித் தந்தது. புது வீட்டுக்குக் குடிபோகும்போது முந்தினவர்கள் அடித்த ஆணியையெல்லாம் பிடுங்குவோம் இல்லையா, அது போல. அன்று உட்கார்ந்து தொடக்கக் கோப்புகளை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். டார்க் மோட் வரிகளை எடுத்தேன். வேர் உறுப்புக்கு நாலு பக்கமும் பெரிய இடைவெளியும் நடுவாக்கமும் கொடுத்திருந்தார்கள். சுழலும் லோகோ காட்டும் மாதிரிப் பக்கத்துக்கு அது அழகு. சின்ன போன் திரையில் விலைப்பட்டியலுக்கு அது இடத்தைத் தின்கிற வேலை. அதையும் எடுத்தேன். ப்ரவுசர் டேபில் கடைப் பெயருக்குப் பதில் ‘வீட் பிளஸ் ரியாக்ட்’ என்று இருந்தது. இரண்டு வாரம் அப்படியே இருந்திருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. அக்கா கவனித்திருக்கிறார். அது ஏதோ கம்பெனி விளம்பரம் என்று நினைத்தாராம்.

தமிழில் பக்கம் செய்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு இடம் உண்டு. முதலாவது, ஹெச்டிஎம்எல் கோப்பின் தொடக்க வரிகளில் மொழி ஆங்கிலம் என்று குறித்திருக்கும். அதைத் தமிழுக்குரிய இரண்டெழுத்துக் குறிக்கு மாற்ற வேண்டும். பக்கத்தைக் குரலில் வாசிக்கும் கருவிகள் அதைப் பார்த்துத்தான் எந்த மொழிக் குரலில் வாசிப்பது என்று முடிவு செய்கின்றன. இரண்டாவது, தலைப்பு எழுத்து. அங்கே அளவு 3.2 மடங்கு, வரி உயரம் 1.1 என்று இருந்தது. ஆங்கிலத்தில் சிக்கனமாக நிற்கும். ‘கானாங்கெளுத்தி’ என்று போட்டுப் பாருங்கள், திரையைத் தாண்டி வெளியே போய்விடும். தலைப்பு இரண்டு வரியாக மடிந்தால் மேல் வரியின் ‘ளு’ கீழே இறங்கும், கீழ் வரியின் ‘கீ’ மேலே ஏறும், இரண்டும் முட்டிக்கொள்ளும். வரி உயரத்தை 1.5 ஆக்கி, அளவைப் பாதியாக்கினேன். போனுக்குப் போன் தமிழ் எழுத்துரு வேறாக வந்ததால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருக் கோப்பைப் புராஜெக்ட்டுக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

அக்கா போனில் தெரிவதை முன்கூட்டியே என் போனில் பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். வீட் ஓடும்போது அந்தக் கணினிக்குள் மட்டும்தான் தெரியும். ஹோஸ்ட் என்ற விருப்பத்தைச் சேர்த்து ஓட்டினால் அதே வைஃபையில் இருக்கும் போனிலும் திறக்க ஒரு முகவரி தரும். விண்டோஸில் முதல் தடவை ஃபயர்வால் அனுமதி கேட்கும். நான் என்னவென்று படிக்காமல் கேன்சல் அழுத்திவிட்டு, போனில் ஏன் திறக்கவில்லை என்று ஒரு சாயங்காலத்தை வீணாக்கினேன். இப்போது முதல் வரி கோடு எழுதும் முன்பே போனில் திறந்து, டார்க் மோடைப் போட்டும் எடுத்தும் பார்த்துவிடுகிறேன்.

வெளியிடும்போது வந்த தொல்லைகளில் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோடைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில், பக்கங்களை வெளியிடும் பேஜஸ் வசதியில் ஏற்றினேன், வெறும் வெள்ளைப் பக்கம். முகவரியின் கடைசியில் புராஜெக்ட் பெயரும் சேர்ந்து வருவதால், பேஸ் என்ற அமைப்பில் அந்தப் பெயரைக் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் கோப்புகளைத் தப்பான இடத்தில் தேடும். இன்னொன்று, ஒரு கம்போனென்ட் (பக்கத்தின் ஒரு துண்டு) கோப்பின் பெயர் சின்ன எழுத்தில் தொடங்கியது, அதைக் கூப்பிட்ட வரியில் பெரிய எழுத்தில் இருந்தது. என் விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. பில்ட், அதாவது கோடை வெளியிடத் தயாராக்கும் வேலை, நடக்கும் லினக்ஸுக்கு இரண்டும் வேறு. “கோப்பே இல்லை” என்றது, எனக்கோ கோப்பு கண் முன்னால் இருக்கிறது. பெயரை எக்ஸ்ப்ளோரரில் மாற்றினால், கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் அதைக் கவனிக்காமல் போகலாம், கிட்டின் பெயர்மாற்றக் கட்டளையாலேயே மாற்ற வேண்டும். கோப்புப் பெயர்களுக்கு ஒரே ஒரு பழக்கம் என்பதை முதல் நாளே முடிவு செய்திருந்தால் இது வந்திருக்காது.

அதே நேரத்தில் ஒரு திருட்டு வேலையும் செய்தேன். நடுவில் ஏதோ ஒரு பேக்கேஜ் சண்டையில், எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பு என்று குறித்து வைக்கும் லாக் கோப்பை அழித்து, கிட் அதைப் பார்க்காதபடியும் செய்திருந்தேன். அழித்துவிட்டுத் திரும்ப நிறுவு என்று எங்கோ படித்த வைத்தியம். கிட்ஹப்பில் பில்ட் ஆகும்போது, பேக்கேஜ்களை நிறுவும் என்பிஎம் கருவியின் என்பிஎம் சிஐ என்ற கட்டளை, லாக் கோப்பு இல்லாமல் நிறுவ மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது. நான் அதை என்பிஎம் இன்ஸ்டால் என்று மாற்றி வாயை அடைத்தேன். பச்சை டிக் வந்தது, சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் ஃபெஞ்சல் புயல் வந்தது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பாண்டியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்களுக்குப் புயலைவிட அதற்குப் பின்னால் வந்ததுதான் கொடுமை. சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் டிசம்பர் 2 அன்று தென்பெண்ணையில் பெருகி வந்தது. எங்கள் தெரு அந்த ஆற்றுப் பக்கம். 2011 தானே புயலைப் பார்த்தவர்கள் என்பதால் அரிசி மூட்டையையும் மிக்ஸியையும் பரணில் ஏற்றினோம். லேப்டாப் பை கட்டிலுக்கு அடியில் இருந்தது யாருக்கும் நினைவு வரவில்லை. விடிந்து பார்த்தபோது பை மிதந்துகொண்டிருந்தது.

கோடு கிட்ஹப்பில் பத்திரமாக இருக்கிறது என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அம்மாவை அழைத்துக்கொண்டு நெய்வேலியில் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். சித்தப்பா மகள் கல்லூரி படிக்கிறாள். அவளுடைய லேப்டாப்பை வாங்கி, கோடை இறக்கி, ஓட்டினேன்.

ஓடவில்லை. கிரிப்டோ என்று தொடங்கி, ஏதோ ஒன்று ஃபங்ஷன் இல்லை என்று முடியும் ஒரு பிழை. நான் கிரிப்டோ எதையும் தொட்டதே இல்லை. ஒரு மணி நேரம் என் கோடில் தேடினேன். இந்தக் கருவிகளையெல்லாம் கணினியில் ஓட்டுவது நோட் என்ற மென்பொருள். அவள் கணினியில் இருந்தது நோட் 16 என்பது அப்புறம்தான் தெரிந்தது. என் புராஜெக்ட்டில் இருந்த வீட் 5-க்கு 18 ஆவது வேண்டும். “உன் நோட் பழசு” என்று ஒரு வரி சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? என் லேப்டாப்பில் எந்த நோட் இருந்தது என்று நினைவில்லை. எங்கேயும் எழுதியும் வைக்கவில்லை. அது இருந்த ஒரே கணினி சாக்கில் சுற்றி வெயிலுக்காகக் காத்திருந்தது.

“அண்ணா, புதுசா ஒண்ணு போட்டு உன் ஃபைலை மட்டும் அதுல ஒட்டிடலாமே” என்றாள் தங்கச்சி. நல்ல யோசனைதான். நோட்டைப் புதுப்பித்துவிட்டு அதே கட்டளையைக் கொடுத்தோம். வந்தது வீட் 6. நவம்பர் 26 அன்று, புயலுக்கு நாலு நாள் முன்பு வெளியானது. அதே கட்டளை, அதே ஆள், ஒரே மாதத்தில் வேறு புராஜெக்ட். புயல் நேரத்தில் புதுப் பதிப்போடு மல்லுக்கட்டத் தெம்பில்லை, பழையதற்கே திரும்பினேன்.

இப்போது ஓடியது. ஆனால் பக்கம் கோணலாக இருந்தது. லாக் கோப்பு இல்லாததால் என்பிஎம் ஒவ்வொரு பேக்கேஜிலும் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் அன்று கிடைத்த புதியதை எடுத்துக்கொண்டது. பதிப்பு எண்ணுக்கு முன்னால் ஒரு கூரைக் குறி இருக்குமே, அதற்கு அர்த்தம் அதுதான்: முதல் எண் மாறாதவரை புதியது வந்தால் பரவாயில்லை. அந்தக் காலண்டர் நூலகத்தின் இடை எண் ஒன்று ஏறியிருந்தது, அதனோடு அதன் தோற்றமும். தேவையே இல்லாத ஒன்றுக்காக அரை நாள். கழற்றி எறிந்தேன்.

விலைப்பட்டியல் மட்டும் காலியாகவே இருந்தது. ஷீட்டின் முகவரி இருந்தது, லோக்கல் என்று முடியும் சூழல் மாறிக் கோப்பில், கோடுக்கு வெளியே மதிப்புகளை வைக்கும் கோப்பு அது. வீட் டெம்ப்ளேட் அப்படி முடியும் கோப்புகளைக் கிட்டுக்கு அனுப்பாது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அப்படி ஒரு கோப்பு இருந்தது என்பதற்கே எங்கும் தடயம் இல்லை. கிட்ஹப்பில் ரகசியமாகவும் பதிந்திருந்தேன். அங்கே போடலாம், திரும்பப் படிக்க முடியாது. ஷீட் அக்காவின் கணக்கில் இருந்தது, அக்காவின் போன் இரண்டு நாளாகத் தொடர்பில் இல்லை.

கூட்டாளிக்குப் போன் போட்டேன். அவன் வீட்டில் கரண்ட் இல்லை, போனில் பத்து சதவீதம் சார்ஜ். “வெளியிட்ட பக்கத்தோட ஜாவாஸ்கிரிப்ட்டைத் திறந்து கூகுள்னு தேடுடா, இருக்கும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். தேடினேன். முழு முகவரியும் அப்படியே இருந்தது. சந்தோஷம் ஒரு நிமிஷம்தான். வீட் என்ற முன்னொட்டோடு தொடங்கும் மாறிகள் எல்லாம் பில்டுக்குள் அச்சாகிவிடும் என்று படித்துத்தான் இருந்தேன். முன்னொட்டுப் போடாமல், மதிப்பே வரவில்லை என்று ஒருநாள் அலைந்துமிருக்கிறேன். ஆனாலும் கோப்பு கிட்டில் இல்லை, அதனால் ரகசியம் என்று மனதுக்குள் ஒரு நம்பிக்கை. நானே எடுக்க முடிகிறது என்றால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். விலைப்பட்டியல் எப்படியும் ஊருக்குக் காட்டுவதுதான், பரவாயில்லை. அடுத்த மாதம் பணம் கட்டும் வசதிக்கான ரகசியச் சாவியையும் அதே கோப்பில் வைக்க இருந்தேன். அந்த மாதிரிச் சாவிக்கு இடம் சர்வர் பக்கம் மட்டும்தான்.

அந்த இரண்டு நாளுக்குப் பிறகு புராஜெக்ட் தொடங்குவதைப் பற்றிய என் கேள்வி மாறிவிட்டது. எந்த நூலகம் சேர்க்கலாம் என்று நான் யோசிப்பதில்லை. இது தங்கச்சி லேப்டாப்பில் ஓடுமா என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் நாள், டெம்ப்ளேட்டைத் துடைத்து முடித்ததும், ‘வணக்கம்’ என்று ஒரே வரி காட்டும் நிலையிலேயே வெளியிட்டுவிடுகிறேன். பேஸ், சின்ன எழுத்து பெரிய எழுத்து வித்தியாசம் எல்லாம் அன்றே கையைக் கடிக்கட்டும், பிறகு வந்தால் வலி ஜாஸ்தி. லாக் கோப்பு கிட்டுக்குள் போகிறது, அதைத் தொடுவதில்லை. கிட்ஹப்பில் என்பிஎம் சிஐதான், அது பிடிவாதம் பிடித்தால் தப்பு என்னுடையது. சூழல் மாறிக் கோப்புக்கு மதிப்புகள் இல்லாத மாதிரி ஒன்றை வைக்கிறேன், பெயர்கள் மட்டும் தெரியும்படி. நோட் பதிப்பைப் பேக்கேஜ் கோப்பில் குறிக்கிறேன். ஆனால் என்பிஎம் அதைப் பார்த்து எச்சரிக்குமே தவிர நிறுத்தாது, அதனால் புராஜெக்ட்டைப் பற்றிய குறிப்பான ரீட்மீ கோப்பின் முதல் வரியாகத் தமிழிலும் எழுதுகிறேன். ரீட்மீயில் மொத்தமே ஆறேழு வரிதான். நீளமாக எழுதினால் யாரும் படிப்பதில்லை, நான் உட்பட.

கிட்ஹப்பில் எல்லாம் சேர்த்து வைத்த ஆயத்தக் கோப்புறைகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. ஒரு டெம்ப்ளேட்டின் நாலு கோப்பைப் படிக்காமல் விட்டதற்கே அக்காவிடம் கருப்புப் பக்கம் காட்டியவன் நான். நாற்பது கோப்பை யார் படிப்பது?

2025-இல் பாண்டியில் ஒரு தங்கும் விடுதிக்கு அடுத்த வேலை வந்தது. பக்கத்தின் தோற்றத்தை அமைக்க உதவும் டெயில்விண்ட் சேர்க்கலாம் என்று முந்தின வருஷத்து வீடியோவைப் பார்த்து தொடக்கக் கட்டளையைக் கொடுத்தேன். பிழை. ஜனவரியில் வந்த 4-ஆம் பதிப்பில் அந்தக் கட்டளையே கிடையாது. மீறினேன் என்று மேலே சொன்னது இதைத்தான். அதிகாரபூர்வப் பக்கத்தைத் திறந்தால் வீட்டுக்கான வழி சில வரிகளில் இருந்தது.

அந்தப் புராஜெக்ட்டைத் தொடங்கிய வாரமே நெய்வேலிக்குப் போன் போட்டு தங்கச்சியிடம் இறக்கி ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். ரீட்மீயைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. பத்து நிமிஷத்தில் வாட்ஸ்ஆப்பில் ஸ்கிரீன்ஷாட் வந்தது. அதற்குக் கீழே ஒரு கேள்வி: “அண்ணா, முகவரில 5173னு வருதே, அது என்ன கணக்கு?”

எனக்கு அந்தக் கதை தெரிந்திருந்தது. ரோமன் எண்ணில் 5 என்பது வீ என்ற ஆங்கில எழுத்து. மீதி 1, 7, 3 மூன்றையும் எழுத்தாகப் பார்த்தால் ஐ, டி, ஈ. சேர்த்துப் படித்தால் கருவியின் பெயர். கொஞ்சம் பெருமையாகவே விளக்கி அனுப்பினேன்.

“ஓ. சரி. ரீட்மீல மூணாவது வரியில ஒரு எழுத்து தப்பா இருக்கு, நான் திருத்தி அனுப்பட்டுமா?” என்று பதில் வந்தது.